கிறிஸ்தவக் கல்லூரிகளும் பரிணாமக் கொள்கையும்



செகந்திராபாத்தின் வடபுறத்தே, அல்வாலை அடுத்துள்ள லோத்குண்டாவில் நாம் குடியிருக்கிறோம். சென்னைப் படைப்பிரிவுகளோடு பாளையத்துக்கு வந்து தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்களும், மத்திய சர்க்கார் அலுவல் காரணமாக நம்மைப்போல் பின்னர் வந்து சேர்ந்தவர்களும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். வேற்று மொழி வழங்கும் ஊரில் தமிழ் பேசும் அண்டை வீட்டாரே உறவினர் அல்லவா? அத்தகைய அன்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் நம் வீட்டு வாசலில் நின்றார். அவர் மகளுக்குக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்திருந்தது.

"சார், நீங்கள் நாலு விஷயம் படித்தவர். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று அங்கே சொல்லிக் கொடுப்பார்களாமே! வாசலில் சிலுவையை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவர் குரலில் கோபம் இல்லை, கலக்கம் இருந்தது. மகள் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்பே அவ்விடையைப் பொறுத்திருந்தது. வாசலில் நின்று சொல்லி முடிக்கக் கூடிய விடையன்று அது. ஆகவே அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். மொழிபெயர்ப்பது நமது தொழிலாயிற்றே. டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையைத் தமிழ்நாட்டில் 'பரிணாம வளர்ச்சி' என்கிறோம். இலங்கைத் தமிழர் 'கூர்ப்பு' என்கின்றனர். பரிணாமம் என்பதற்கு மாறுதல் என்றே பொருள். அதனோடு 'வளர்ச்சி' என்பதைச் சேர்த்தவுடன், கீழ்ப்படியில் குரங்கும் மேற்படியில் மனிதனுமாக ஓர் ஏணி மனக்கண்முன் தோன்றிவிடுகிறது. டார்வின் கூறியது ஏணியன்று, கிளைவிட்ட மரம். இன்றுள்ள குரங்கு நமக்குப் பாட்டனன்று. அதற்கும் நமக்கும் நெடுங்காலத்துக்கு முன் பொதுவான மூதாதை இருந்தது என்பதே கொள்கை. அன்பரின் கலக்கத்தில் ஒரு பாதியை நம் மொழிபெயர்ப்பே உண்டாக்கியிருக்கிறது.

மறுபாதிக்குச் சரித்திரத்தை நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823ஆம் ஆண்டில் உயர்கல்விச் சாலை ஒன்றை நிறுவினர். அதன் முதல் தலைவர் டானியல் பூர். பின்னர் மதுரையிலும் பணியாற்றியவர். அங்கே வானசாஸ்திரம் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணக்கு ஒன்றாகவும், பூர் அவர்களின் கணக்கு வேறொன்றாகவும் இருந்தன. வானம் பூர் அவர்களின் பக்கமே சாட்சி கூறிற்று. பழைய நம்பிக்கையை விஞ்ஞானம் என்னும் துலாக்கோலில் நிறுத்துக் காட்டியதில் மிஷனாருக்கு மகிழ்ச்சியே. ஆயின், கையில் எடுத்த துலாக்கோல் பிறர் பண்டத்தை மட்டுமா நிறுக்கும்?

அதற்கு விடை பெய்ரூட்டில் கிடைத்தது. அதே அமெரிக்க மிஷனின் வழிவந்தோர் அங்கே 1866ஆம் ஆண்டில் சிரியப் புராட்டஸ்டண்டுக் கல்லூரியைத் தொடங்கினர். இன்று பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகமாக விளங்குவது அதுவே. டார்வின் மறைந்த 1882ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில், அங்கே ரசாயனமும் நிலவியலும் கற்பித்து வந்த எட்வின் லூயிஸ் பட்டமளிப்பு விழாவில் அரபு மொழியில் உரையாற்றினார். அறிவைத் தேடும் முறைக்கு எடுத்துக்காட்டாக டார்வினின் பொறுமையையும் நுண்ணிய ஆராய்ச்சியையும் புகழ்ந்தார். அவ்வளவே. கல்லூரியின் நிர்வாகக் குழுவினர் சினமுற்றனர். ஆண்டு முடிவதற்குள் லூயிஸ் பதவி விலக நேர்ந்தது. மருத்துவ மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தனர். பிற்காலத்தில் அரபு இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற ஜுர்ஜி ஸைதான் அவர்களுள் ஒருவர். ஆசிரியர் சிலரும் விலகினர். அவர்களுள் கர்னீலியஸ் வான் டைக் என்பவரை மறத்தல் ஆகாது. பைபிளை அரபு மொழியில் பெயர்த்து முடித்தவர் அவர். வேதத்தை மொழிபெயர்த்த கையே, டார்வினைப் புகழ்ந்தவருக்காக விலகல் கடிதத்தையும் எழுதிற்று! பக்தியும் அறிவுச் சுதந்திரமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அமெரிக்காவில் இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 1925ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலத்து டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்தார் என்று ஜான் ஸ்கோப்ஸ் என்னும் பள்ளி ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தனர். பின்னர் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. அவ்வழக்கில் அவரை எதிர்த்து வாதாடிய பிரையனின் பெயரால் அதே நகரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி எழுந்தது. 2014ஆம் ஆண்டில் அக்கல்லூரி தன் விசுவாச அறிக்கையோடு, ஆதாமும் ஏவாளும் முந்தைய உயிர்களிலிருந்து வந்தவர் அல்லர் என்னும் விளக்கத்தைச் சேர்த்தது. ஆசிரியர் சிலர் வெளியேறினர்; இருவர் நீதிமன்றம் சென்றனர். கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழியில் சென்றது. 1950ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பயஸ் இவ்வாராய்ச்சிக்கு இடந்தந்தார். 1996ஆம் ஆண்டில் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்தினும் மேற்பட்டது என்று அறிவித்தார்.

நம் நாட்டில் அத்தகைய பெரும்போர் மூளாமற் போனதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு இணைந்தே வளர்ந்தன. பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தின் கையில். பிரார்த்தனை மண்டபம் கல்லூரியின் கையில். மாணவரிற் பெரும்பாலோர் பிற மதத்தினர். 1862ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியை உருவாக்கிய வில்லியம் மில்லர், மதமாற்றத்தைக் காட்டிலும் கல்வியின் வழியே கருத்துக்களைப் பரப்புதலே கல்லூரியின் பணி என்று கொண்டார். அதற்காகத் தம்மவரிடமே கண்டனமும் பெற்றார். அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையோர் தம் கல்விச் சாலைகளைத் தாமே நிர்வகிக்கும் உரிமையைக் காக்கிறது. ஆயினும் அவ்வுரிமை கல்வித் தரத்துக்கான விதிகளிலிருந்து விலக்களிப்பதன்று என்பதை உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில், ஆமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில் தெளிவாக்கிற்று.

போர் இல்லை என்பதனால் குறையே இல்லை என்று கூறிவிடலாமா? நாம் பயின்ற கல்லூரியில் விடுதித் தோழர் ஒருவர் விலங்கியல் மாணவர். அவருடைய ஆசிரியர் பரிணாமப் பகுதிக்கு வந்ததும், "இது பரீட்சைக்கு வரும், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏட்டைப் புரட்டிவிட்டாராம். எவரும் அவரைத் தடுக்கவில்லை. எவரும் தடுக்காமலே தாமாக நாவை அடக்கிக்கொள்ளும் இவ்வழக்கம், பெய்ரூட்டின் பதவி நீக்கத்தினும் தீங்கானது என்பது நம் கருத்து. அங்கே மாணவர் எதிர்த்து எழுந்தனர். இங்கே எதிர்ப்பதற்கு ஏதோ நிகழ்ந்தது என்பதையே மாணவர் அறிந்திலர்.

இக்குறை ஒரு மதத்தார்க்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டில், மத்தியப் பாடநூல் நிறுவனம் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கிற்று என்று கண்டு, 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு முறையிட்டனர். மாணவரின் சுமையைக் குறைக்கவே நீக்கியதாக நிறுவனம் கூறிற்று. பத்தாம் வகுப்போடு விஞ்ஞானப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு இக்கொள்கையைக் கேட்கும் வாய்ப்பு பின்னர் எங்கே வரும்?

கல்லூரிக்குத் தன் நம்பிக்கையைப் போற்றும் உரிமை உண்டு. ஆசிரியருக்குத் தம் துறை கண்ட உண்மையை மறைக்காது கற்பிக்கும் உரிமை உண்டு. மாணவருக்கோ இரண்டையும் கேட்டுத் தாமே சிந்திக்கும் உரிமை உண்டு. இம்மூன்றில், வலியார் துணையில்லாதது கடைசி உரிமையே. ஆதலின் அதனையே நாம் முதலிற் காக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் பின்னர் ஒரு மாலையில் அன்பரிடம் கூறினோம். வான் டைக்கின் கதையை மட்டும் இருமுறை கேட்டார். "நான் நம்புகிறேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார். ஆனால் அவள் படிக்கட்டும்" என்றார்.

மகள் கல்லூரியிற் சேர்ந்தாள். அண்மையில் வழியிற் கண்டபோது, பரிணாமப் பாடம் நடந்துவிட்டதா என்று வினவினோம். ஆசிரியை ஒரு பக்கமும் விடாமல் நடத்தினார் என்றாள். அன்று மாலை வீட்டில் வழக்கம்போல் ஜெபமும் நடந்ததாம். தந்தையார் அன்று ஒன்றும் கேட்கவில்லை; மறுநாள் அவள் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்த மரத்தின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.