நடுக்கூடத்து மேசைக்கு மின்கம்பி

சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி, புத்தூர் வழியாக வடமேற்கே செல்லும் இருப்புப்பாதை ரேணிகுண்டாவை அடைகின்றது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ரேணிகுண்டா ஆந்திரத்திலேயே நின்றது. 2022ஆம் ஆண்டிலிருந்து அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். எல்லைக்கோடு எங்கே அமைந்தாலும், இரயில் சந்திப்பும், விமான நிலையமும், அண்மைக் காலத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை அங்கே வாழவைக்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றை நாம் நன்கு அறிவோம். பல்லாண்டு வாடகை வீட்டில் இருந்தபின் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தார்கள். கூடத்தின் நடுவே ஒரு பெரிய மேசை. பகலில் அதன்மேல் தையல் எந்திரம். மாலையில் மகளின் கணினி. விடுமுறை நாளில் மாவரைக்கும் கிரைண்டரும் அங்கேயே வந்து அமரும். சுவர்கள் நான்கிலும் சுவிட்சுப் பெட்டிகள் இருந்தன, மேசைக்கோ ஒன்றுமில்லை. சுவரிலிருந்து நீண்ட கம்பியொன்றைத் தரைமேல் இழுத்து, அதை மறைக்க ஒரு பாயையும் விரித்தார்கள். ஒருநாள் விடியற்காலையில், விளக்குப் போடாமல் நடந்து வந்த பாட்டியின் கால் அந்தக் கம்பியில் சிக்கிற்று. மணிக்கட்டு முறிந்தது. “நான் படிப்பதற்காகப் போட்ட கம்பி” என்று அந்தப் பெண் பல நாள் வருந்தினாள். குற்றம் அவளுடையதன்று, தரைக்கல் பதிக்குமுன் எவரும் அந்த மேசையை நினையாததே குற்றம்.

இதற்குரிய பாடத்தை அவ்வூர்ச் சந்திப்பிலேயே கற்கலாம். இருபுறமும் தண்டவாளம் செல்ல, நடுவே அமைந்த நடைமேடையை இரயில்வேயார் ‘தீவு மேடை’ என்பர். அதனை அடைய முறையான வழிகள் இரண்டு: மேலே பாலம், அல்லது கீழே சுரங்கப்பாதை. தண்டவாளத்தைக் கடப்பது எளிது; ஆயினும் அது உயிருக்கு இறுதியாகலாம். நடுக்கூடத்து மேசையும் ஒரு தீவு மேடையே. கம்பி தரைக்கடியில் வரவேண்டும். இல்லையேல் கூரையிலிருந்து இறங்கவேண்டும். மனிதர் நடக்கும் வழியைக் குறுக்கே கடத்தல் ஆகாது.

பாய்க்கடியில் கம்பியை மறைப்பது தடுக்கி விழுவதைவிடவும் தீயது. கம்பியில் பிறக்கும் வெப்பம் வெளியேற இடமின்றித் தங்கும். மிதிபட்டு மேலுறை தேயும். தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாது. மேலும், 2000 வாட் மின்அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியரை இழுக்கும். அதனை 6 ஆம்பியர் பலகையில் செருகினால் தீவிபத்தை விருந்துக்கு அழைத்தது போலாகும்.

ஆகவே, வீடு கட்டுவோர் தரைக்கல் பதிக்குமுன் மேசையின் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துவிடுதல் வேண்டும். சுவரிலிருந்து அவ்விடம்வரை இரண்டு பிவிசி பைப்புகளைப் புதைக்கவேண்டும்: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று இணையக் கம்பிக்கு. வளைவுகள் மெல்ல வளையவேண்டும். முழங்கைபோல் மடங்கினால் பின்னாளில் கம்பி இழுக்க இயலாது. ஒவ்வொரு பைப்பிலும் ஓர் இழுகம்பியை விட்டுவைத்தல் நன்று. மாடித் தளமானால் கான்கிரீட்டை வெட்டி இரும்புக் கம்பியைத் தொடலாகாது. கல்லுக்கடியில் நிரப்பும் கலவையின் கனத்துக்குள்ளேயே பைப்பு அடங்கவேண்டும்.

நம் வீடுகளில் தரையை நீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் உண்டு. எனவே தரையோடு தரையாக மூடியிட்ட பெட்டி நமக்கு ஏற்றதன்று. பைப்பைத் தரைக்கு மேல் சில அங்குலம் உயர்த்தி, மேசைக்காலை ஒட்டி ஏற்றி, பலகைக்குக் கீழே பிளக்குப் பெட்டியை அமைப்பதே தக்கது. மேசையையும் தரையோடு அசையாமல் பொருத்திவிட வேண்டும்.

இரண்டு பைப்புகள் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மின்கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம் அருகிலுள்ள செய்திக் கம்பியில் இரைச்சலை உண்டாக்கும். இதனைக் குறைக்கவே, தொலைபேசியை வழங்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டில் இரு கம்பிகளை முறுக்கி இணையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய இணையக் கம்பிக்குள்ளும் அவ்வாறு முறுக்கிய நான்கு இணைகளே உள்ளன. ஆயினும் இரைச்சல் சிறிய காரணம். பெரிய காரணம் உயிர்க்காப்பு. ஒரே பைப்பில் இரண்டும் கிடந்து, மின்கம்பியின் உறை தேய்ந்தால், 230 வோல்ட்டும் கணினி வழியே கைக்கு வந்து சேரக்கூடும். இரண்டும் ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். பெட்டிகளும் தனித்தனியே இருக்கட்டும்.

மின்பைப்பில் செல்லவேண்டிய கம்பிகள் மூன்று. மூன்றாவதான எர்த் கம்பியைச் செலவென்று கருதி விட்டுவிடுவோர் உளர். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும் தாய்மாருக்கு அக்கம்பியே காவல். 6 ஆம்பியர் பிளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 16 ஆம்பியருக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டரும் இடுவது வழக்கம்.

இதனோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். அதில் இருநூற்றில் ஒரு பங்கு மனித உடல்வழியே பாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து; சாதாரண எம்சிபியோ அதனை அறியவே அறியாது. ஆர்சிசிபி அச்சிறு கசிவை உணர்ந்து நொடிப்பொழுதுக்குள் மின்சாரத்தை அறுத்துவிடும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது இல்லத்தார் கடமை. கம்பி பூட்டும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தரைக்கல் பதித்துவிட்டவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. மேற்பாலம் இருக்கின்றது. நாம் கூறிய குடும்பத்தாரும் கூரையோரமாகப் பைப்பு ஓட்டி, மேசைக்கு நேர்மேலே நெகிழ்குழாய் ஒன்றைக் கீழிறக்கினார்கள். கம்பியின் எடை இணைப்பில் தொங்காதவாறு கூரையிலும் மேசையிலும் அதை இறுகப் பிடித்தார்கள். பார்வைக்கு அழகில்லை என்றனர் உறவினர். கை தேறி வந்த பாட்டியோ, “தலைக்குமேல் இருந்தால் நமக்கென்ன, காலடியில் இல்லையே” என்றார்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இறுதியாக ஒரு சொல். மேஸ்திரியின் மொழி நமக்கு அரைகுறையாகவே வரலாம். வாய்ச்சொல்லை நம்பி விடாமல், மேசை எங்கே, பைப்பு எங்கே, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தாளில் வரைந்து கொடுங்கள், வரைபடத்திற்கு மொழியில்லை. கல் மூடுமுன் படமும் எடுத்து வையுங்கள். நாளை ஆணியடிப்பவருக்கு அது வழிகாட்டும். தெலுங்கில் கம்பியைத் ‘தீக’ என்பர். கொடிக்கும் அதுவே பெயர். கொடிக்குக் கொழுகொம்பு நடுவது நாம் அறியாததன்று. மின்கொடிக்கும் அதற்குரிய வழியைத் தரைக்கல் வருமுன்னே அமைத்துவிட்டால், பின்னர் எவர் காலும் இடறாது.