இறக்கத்தில் எஞ்சினின் குரல்



டிராம்பே குன்றுகளின் அடியில், அணுசக்தி நகரில் வாழும் நமக்கு ஊர்ப்பயணம் என்றால் நெடுங்காலம் இரயில் பயணமே. தாதரிலோ குர்லாவிலோ வண்டி பிடிக்க மூட்டை முடிச்சுகளுடன் அலைந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். இப்பொழுதோ, பன்வேல் தாண்டிக் கண்டாலா மலையேறி, புனே, கோலாப்பூர் வழியாகச் சொந்தக் காரிலேயே தெற்கே புறப்படும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அக்கார்களிற் பல, கிளச்சு மிதி இல்லாத தானியங்கி கியர் வண்டிகள்.

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர், அத்தகைய புதுக் காரில் விடுமுறை முடிந்து திரும்பி வந்தார். கண்டாலாவிலிருந்து இறங்கும்பொழுது ஆக்ஸிலரேட்டரினின்றும் காலை எடுத்தார். எஞ்சினின் ஓசை அடங்குவதற்கு மாறாக உயர்ந்தது. கியர்ப் பெட்டியில் ஏதோ கோளாறு என்று அஞ்சினார்; பெட்ரோலும் வீணாகிறதே என்று வருந்தினார். உடனே கியர்த் தண்டை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஓசை அடங்கியது. ஆனால் கோப்போலி வந்து சேர்வதற்குள் சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது; பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. குழந்தைகள் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நண்பர் கோளாறு என்று எண்ணியது கோளாறன்று. வண்டி அவருக்குச் செய்த உதவி. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

காலை எடுத்தபின் வண்டி தன் வேகத்தாலேயே ஓடுகிறது. அப்பொழுது எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை; சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. இக்காலத்துக் கார்களில், இந்நிலையில், எரிபொருள் தெளிப்பு அறவே நிறுத்தப்படுகிறது. அதாவது எஞ்சின் இரண்டாயிரம் சுற்று சுழன்று முழங்கினாலும் ஒரு துளி பெட்ரோலும் செலவாவதில்லை. நியூட்ரலில் விட்டாலோ, சக்கரத்தின் பிடி அற்றுப்போவதால், எஞ்சின் அணைந்துவிடாமலிருக்க நிமிடத்திற்கு எழுநூறு, எண்ணூறு சுற்று அளவில் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கவேண்டும். சிக்கனம் என்று நம்பிச் செய்வது செலவாகவே முடிகிறது. சமதரையில் நியூட்ரலில் விட்ட வண்டி சற்றுக் கூடுதல் தூரம் உருளும் என்பது மெய்தான். மலைச்சரிவில் அந்தக் கணக்கிற்கு இடமில்லை.

வேகம் குறையக் குறைய எஞ்சினின் சுற்றும் குறையும். ஏறத்தாழ ஆயிரம் சுற்றை அது நெருங்கினால் எரிபொருளை மீண்டும் தொடங்கவேண்டி வரும். ஆகவே கியர்ப் பெட்டியின் கணிப்பொறி ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று படிப்படியாக இறக்கி, சுற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் ஓசை சற்றே எழுந்து பின்பு தணிவது இதனால்தான். பல புதிய வண்டிகள் சாலைச் சரிவையும் உணர்ந்து, ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டதும் தாமே ஒரு கியர் கீழிறங்குகின்றன.

கீழ்க் கியரில் எஞ்சின் வண்டியைப் பின்னின்று இழுப்பது ஏன்? காற்றுவழி ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்துக் காற்றை உறிஞ்சித் திணறுகின்றன. சுற்று மிகுந்தால் அத்திணறலும் மிகும். ஒரு சிறு கார் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாம் கியரில் இரண்டாயிரம் சுற்றிலும், இரண்டாம் கியரில் மூவாயிரத்திலும் ஓடுவதாகக் கொள்வோம். பெட்ரோல் எஞ்சினுக்கு மூவாயிரம் ஒரு பொருட்டன்று. அதன் எல்லை ஆறாயிரத்தை ஒட்டியது. எல்லை மீறும் கியரைக் கேட்டாலும் கணிப்பொறி இணங்காது.

இதன் அருமையை அறிய ஒரு கணக்கு. ஆயிரத்து இருநூறு கிலோ எடையுள்ள கார், கண்டாலாவிலிருந்து அடிவாரத்திற்கு ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரம் இறங்குகிறது. அப்பொழுது வெளிப்படும் ஆற்றல், இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் சாலையும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சினை விலக்கிவிட்டால் எஞ்சியது முழுவதும் நான்கு சக்கரத்துப் பிரேக்குகளில் வெப்பமாகும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏறிய எண்ணெய் எளிதிற் கொதித்து ஆவிக்குமிழி விடும். அப்பொழுது மிதி கீழே போகும், பிடிப்பு வராது. எரிபொருளை மிச்சப்படுத்தச் சரக்கு லாரிகளை நியூட்ரலில் இறக்குவது இம்மலைப்பாதை விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணமென்று போலீசார் பலமுறை எச்சரித்திருக்கின்றனர்.

இரயில்வேயினர் இதை முன்னமே அறிந்தவர்கள். 1863-இல் இதே மலையில் திறந்த பாதையின் சரிவு முப்பத்தேழுக்கு ஒன்று. பிடிநழுவிய வண்டிகளைத் திருப்பிவிடத் தனித் தண்டவாளங்கள் அங்கே அமைக்கப்பட்டன.

நம் நீலகிரியின் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். அங்கும் வால்பாறை, கொல்லிமலைச் சாலைகளிலும் முறை ஒன்றே: சரிவு தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்து, தண்டைக் கையியக்க நிலைக்கோ எல் குறிக்கோ மாற்றி, இரண்டாம் கியரில் இறங்கவேண்டும். 2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்நாட்டுச் சிறு கார்களுக்கு வந்த வகை உண்மையில் சாதாரணக் கியர்ப் பெட்டியே. கிளச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் பொறியே செய்கிறது. அதிலும் இம்முறை செல்லும். பிரேக்கை இடைவிடாது தடவாமல், அழுத்தமாக மிதித்து, விட்டு, மீண்டும் மிதிக்கவேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதோ கொடிது: இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் பிரேக்கின் துணைவிசை தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

நண்பர் மறுமுறை அதே மலையை இரண்டாம் கியரில் இறங்கினார். இம்முறை கருகல் நாற்றம் இல்லை. வீட்டை நெருங்கி, குடியிருப்பின் வேகத்தடையில் வண்டி ஊர்ந்தபொழுது மட்டும் ஒரு சிறு குலுக்கல் உணர்ந்ததாகச் சொல்லி, "அதுவும் உதவிதானோ?" என்று வினவினார். பெரும்பாலும் அது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் கியர்தான் என்றோம்.