பலகைக்குப் பின்னால் இருக்கும் சுவர்

(மாத்தளை மாவட்டத்தில் வீடு திரும்பும் குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையோடு வீட்டை விட்டு இறங்கிய நீங்கள், இப்போது சாவியை எடுத்துக்கொண்டு மேலே போகப் போகிறீர்கள். சிலர் லயத்துக்கு. சிலர் தோட்டத்துப் பழைய குவாட்டர்ஸுக்கு. கருங்கல் சுவரும் உள்ளே பலகை அடித்த அறையும் உள்ள வீடுகளுக்கு. அந்த வீட்டுக்காரர்கள் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளை, இராத்திரிக் குளிர் தாங்க முடியாது. பலகைக்குப் பின்னால் எதையாவது அடைத்துவிட்டால் சரியாகுமா?"

நான் கட்டடம் படித்தவள் இல்லை, கலைப்பட்டதாரி. மேசன் பாஸ்மாரிடம் கேட்டதையும் எங்கள் வீட்டில் பட்டதையும்தான் சொல்கிறேன்.

பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சின்னவளாக இருந்தபோது அப்பா உரப்பைகளில் மரத்தூளைக் கட்டிப் பலகைக்குப் பின்னால் திணித்தார். முதல் மாதம் நல்ல சுகம். அடுத்த மழைக்காலத்தில் அறைக்குள் ஒரு புளித்த மணம் வந்தது. தங்கைக்கு இழுப்புத் தொடங்கியது. மருந்து எடுத்தோம், ஆவி பிடித்தோம், அந்தச் சுவரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் பலகையைக் கழற்றினால் பைகள் சொதசொதவென்று இருந்தன. சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். சட்டங்களைக் கறையான் தின்று முடித்திருந்தது.

ஏன் அப்படி ஆனது? குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்முடைய மூச்சு, அடுப்பு நீராவி, உள்ளே காயப்போட்ட ஈரத்துணி எல்லாம் சேர்ந்து பலகை இடுக்கு வழியாகப் போய்க் குளிர்ந்த கல்லில் பட்டால் அதுவும் அப்படித்தான் வியர்க்கும். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் வேறு. இடையில் பஞ்சோ சாக்கோ இருந்தால் அத்தனை நீரையும் அது குடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் ஈரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பலகை, வெடிப்பை மறைக்கும்.

மலைச்சரிவு நகரும்போது சுவர் முதலில் காட்டிக்கொடுக்கும். கதவு திடீரென்று இறுகும், தரை பிளக்கும், சுவரில் கோடு விழும். அந்தக் கோட்டை நீங்கள் பார்க்கவே முடியாதபடி பலகை மூடியிருக்கும். அதனால் மேட்டுப் பக்கத்துச் சுவரில் சில பலகைகளையாவது கழற்றிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு ஓடினால், மழை நேரமானால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போகலாம் என்று சொல்லாத வீட்டுக்கு, நான் இனிச் சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. அந்த வீட்டுக்குள் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

கழற்றப் போகுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பழைய வயர் பலகைக்குப் பின்னால்தான் ஓடும், எலி கடித்திருக்கும். காலில் சப்பாத்து, கையில் தடித்த உறை வேண்டும். பாம்புக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அது நல்லது. சீலிங்கில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் உடைக்கவோ அரத்தால் அறுக்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒவ்வொரு சுவரையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். நட்டஈட்டுப் படிவத்துக்குத் தேவைப்படும். வீடு தோட்டத்துடையது என்றால் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இது ஏதோ காகித வேலை என்று நினைக்காதீர்கள். "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது.

பிறகு சுவர் காய வேண்டும். இதில்தான் பொறுமை போகும். ஓர் அங்குலத் தடிப்புக் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்லும் கணக்கு. ஒன்றரை அடிக் கற்சுவர் என்றால், இரண்டு பக்கமும் காற்றுப் பட்டாலும் எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். காய்ந்ததா என்று அறிய, ஓர் அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு இரவு விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். அறைப் பக்கம் நீர் நின்றால் உங்கள் அறைக் காற்றுத்தான் ஈரம், யன்னலைத் திறக்க வேண்டும்.

அதுவரை வெற்றுச் சுவரோடு எப்படி இருப்பது என்று கேட்பீர்கள். குளிரில் பெரும்பகுதி சுவரிலிருந்து வருவதில்லை. தகரக் கூரையிலிருந்தும், கதவு யன்னல் இடுக்கிலிருந்தும் வருகிறது. காசு இருந்தால் முதலில் கூரைக்குக் கீழே வெள்ளிநிறத் தகடு ஒட்டிய நுரைத்தாளை விரியுங்கள். இடுக்குகளை அடையுங்கள், ஆனால் அடுப்படியில் புகை போகும் வழியை விட்டுவிடுங்கள். கட்டிலைக் கற்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வீட்டைச் சுற்றிக் கானை வெட்டி, மேட்டு மண்ணைச் சுவரிலிருந்து இறக்குங்கள். இவற்றுக்குப் பிறகு பலருக்குச் சுவரை அடைக்கும் யோசனையே வராது.

சுவர் காய்ந்த பிறகு பலகை அடிப்பதானால், சீமெந்துப் பூச்சு வேண்டாம். மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் மூச்சு விடும். ஓர் அங்குல ரீப்பையைச் செங்குத்தாக அடித்து அதன்மேல் பலகையைப் பொருத்துங்கள். அடியிலும் மேலேயும் இரண்டு விரல் இடைவெளி விட்டு எலி புகாத வலை அடியுங்கள். அந்தக் காற்று இடைவெளியில் எதையும் திணிக்காதீர்கள். ரெஜிபோம் மலிவுதான், ஆனால் அடுப்புப் பொறி ஒன்று போதும். அதன் புகை ஆளைக் கொல்லும். சாக்கும் தும்பும் கறையானுக்கு விருந்து. கீழ்வரிசைப் பலகையை மட்டும் ஆணிக்குப் பதில் ஸ்குரூவால் பூட்டுங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் அதைக் கழற்றி, நீங்கள் பென்சிலால் போட்ட கோட்டை ஒருமுறை பார்க்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஸ்குரூ டிரைவர் பெட்டிகளும் ஓர் ஏணியும் இருக்கின்றன. பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள், அடுத்த வீட்டுக்கு வேண்டுமென்பதால் ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுங்கள்.