முன் பிரேக்கைத் தொடாதே!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான், அதுக்கு மேல போனா மைக்கைப் பிடுங்கிடுவோம்" என்று சொல்லித்தான் செயலாளர் என்னை மேடையேற்றியிருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக பிரேக் சோதனையோடு காலம் தள்ளியவன் நான். எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இன்றைய பேச்சு. இதில் நான் ஒரு காலத்தில் எந்தப் பக்கம் நின்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1986 ஐப்பசி மழை. இரவல் வாங்கிய வண்டியில் என் அறைத் தோழன் ஓட்ட, நான் பின்னால். கல்லூரி வாசல் அருகே ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பதறிப் போய் இவன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். ஈர மணலில் முன் சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. எனக்கு முழங்கை சிராய்ப்பு. அவனுக்கு முழங்கால் சில்லு போயிற்று. இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து "இதை ஏன்டா இப்ப இழுக்கிறே" என்று முறைக்கிறான். (சிரிப்பு)

அன்றிலிருந்து நம் ஹாஸ்டலில் ஒரு சட்டம் எழுதாமலே அமலுக்கு வந்தது: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்." தகப்பன் மகனுக்கும், அண்ணன் தம்பிக்கும் நம் ஊரெங்கும் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான்.

இந்தப் பாடம் பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகி, சீக்கிரம் பிடிப்பை இழக்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. என்றால் விநாடிக்கு சுமார் 17 மீட்டர். நல்ல சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்து, விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் சுமார் 20 மீட்டரில் வண்டி நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பி அதில் பாதி வீதம்தான் குறைகிறது என்றால் 40 மீட்டர் ஆகும். அந்தக் கூடுதல் 20 மீட்டரில்தான் லாரி நிற்கிறது.

அப்படியானால் முன் பிரேக்கை இறுக்கலாமா? இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உருளும் சக்கரத்துக்குத்தான் திசை உண்டு. முன் சக்கரம் பூட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் வண்டி கீழே. ஏ.பி.எஸ். செய்கிற வேலை இங்கேதான். சக்கரத்தில் உள்ள சென்சார் அதன் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி, உடனே மறுபடி ஏற்றும். ஒரு விநாடிக்குள் பல தடவை இது நடக்கும். பயத்தில் முழு பலத்தோடு இறுக்குகிற சாதாரண மனிதனுக்கு ஏற்ற கருவி.

இது நேற்று வந்த சங்கதியும் அல்ல. 1958-இலேயே இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில், விமானத்துக்காகச் செய்யப்பட்ட மாக்ஸரெட் என்ற கருவியை ஒரு ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியோரில் பொருத்திச் சோதித்தார்கள். வழுக்கும் தரையில் நிற்கும் தூரம் 30 சதவீதம் வரை குறைந்தது. ஆனாலும் அது விற்பனைக்கு வரவில்லை. நாம் பட்டம் வாங்கிய அதே 1988-இல்தான் பி.எம்.டபிள்யூ. தன் கே 100 வண்டியில் மின்னணு ஏ.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்தது. அந்தக் கருவி மட்டும் சுமார் 11 கிலோ! இன்று அது ஒரு கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. 2011-இல் நம் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி அப்பாச்சி 180-இல் அதைக் கொடுத்தது.

இப்போது என் கதை. நான் வேலை பார்த்த இடத்தில், சின்ன வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். ஒத்துவருமா என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள். "வாங்குபவர் விலையைத்தான் பார்க்கிறார், மைலேஜைக் கேட்கிறார், இதற்குக் காசு கொடுக்க மாட்டார், தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் பிழை இல்லை. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ்.; 125-உம் அதற்குக் கீழும் ஏ.பி.எஸ். அல்லது, ஒன்றைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் சி.பி.எஸ். புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல், எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல். செய்தியைப் படித்துவிட்டு என் அறைத் தோழன் போன் செய்தான். அவன் அப்போது பாலிடெக்னிக் ஆசிரியர்.

"125-க்குக் கீழ யாருடா ஓட்டுறது? பால்காரர், கொத்தனார், என் பசங்க. போன மாசம் ஒரு பையனை இழந்தோம். ஸ்பாட்டுக்கு நானே போனேன். ரோட்டுல ஒரே ஒரு கோடு, நீளமா. பின் டயர் இழுத்த கோடு. முன் பிரேக்கை அவன் தொடவே இல்லடா. நாமதானே சொல்லிக் கொடுத்தோம்?"

நான் பதில் பேசவில்லை. என் குறிப்பில் விலை இருந்தது, மைலேஜ் இருந்தது, அந்தக் கோடு இல்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். இது அரசாங்கக் கணக்கு.

எதிர்த்தரப்பு வாதங்களையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2025 ஜூனில், 50 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா இருசக்கர வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். என்று மத்திய அமைச்சகம் வரைவு வெளியிட்டதும் வாதம் சூடுபிடித்தது. டிரம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் போட வேண்டும், விலை ஏறும், தவணையில் வாங்குகிறவர் என்ன செய்வார் என்றார்கள். உண்மைதான். சி.பி.எஸ். போதுமே என்றார்கள். அது முன் பிரேக்குக்குப் பயப்படுகிறவருக்கும் கொஞ்சம் முன் பிரேக் கொடுக்கிறது. ஆனால் சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. சரளையிலும் சேற்றிலும் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டலாம் என்றார்கள். அதுவும் சரியே. அதனால்தான் 2020 ஹிமாலயனில் பின் சக்கரத்துக்கு மட்டும் அதை அணைத்து வைக்க வசதி வந்தது.

புள்ளிவிவரத்தையும் ஊதிப் பெரிதாக்கக் கூடாது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் உயிர்ப்பலி விபத்து 37 சதவீதம் குறைவு என்று முன்பு சொன்னது. தகவல் சேரச் சேர அது 31 ஆகி, பிறகு 22 ஆனது. இறங்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு உயிர் என்பது சின்ன எண்ணா?

பெரிய வண்டி வாங்குகிறவர் வேகமாகப் போகிறார், அவருக்குத்தான் இது தேவை என்று நானே வாதாடியிருக்கிறேன். மணல் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. விலையைக் குறைக்கிற வேலை நம்முடையது. பொறியாளர் என்று பட்டம் வாங்கியது அதற்குத்தான். அன்று நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் "தேவையில்லை" அல்ல, "இன்னும் மலிவாகச் செய்யத் தெரியவில்லை" என்பதுதான்.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு. ஏ.பி.எஸ். மந்திரம் அல்ல. வழுக்கை டயருக்கு அது பிடிப்புத் தராது. வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தைக் காப்பாற்றாது. ஹெல்மெட்டுக்குப் பதிலும் அல்ல. வண்டியில் ஏ.பி.எஸ். விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலுக்கடியில் துடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், இறுக்கியே பிடியுங்கள். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியா? காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழகுங்கள்.

வீட்டில் யாராவது "முன் பிரேக்கைத் தொடாதே" என்றால், அந்தப் பாடத்தைப் பரப்பிய ஹாஸ்டல்காரர்களில் ஒருவனே அதை வாபஸ் வாங்கிவிட்டான் என்று சொல்லுங்கள்.

செயலாளர் எழுந்து நிற்கிறார். நானும் பிரேக் போடுகிறேன்.