மருதையாற்றுப் பாலமும் சாமி கும்பிடாத பிள்ளையும்



'தமிழும் அறமும்' என்று இந்த மேல்நாட்டுத் தமிழ்ச் சங்கத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மாலையில் மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து என்னைப் பிடித்து நிறுத்திப் பேசிய பெற்றோர் பலரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். "ஐயா, பையன் காலேஜுக்குப் போனதிலிருந்து கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. லீவு நாளில் முதியோர் இல்லத்துக்குப் போய் வேலை செய்துவிட்டு வருகிறான். 'ஒழுங்காக இருக்கிறேனே, அப்புறம் சாமி எதற்கு?' என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?" அப்படிக் கேட்டவர்களில் ஓர் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. இப்போது இங்கே எத்தனை தலைகள் ஆடுகின்றன என்று மேடையிலிருந்து பார்க்கிறேன். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பற்றியே பேசுகிறேன். சங்கத் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அரியலூர்க்காரன். எனக்குத் தெரிந்த பதில் எங்கள் ஊர் மருதையாற்றில்தான் இருக்கிறது.

மருதையாறு பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஓடிவந்து கொள்ளிடத்தில் சேருகிற ஆறு. கோடையில் பார்த்தால் வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் அதன் குணமே வேறு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி. அப்போது பெரம்பலூர் மாவட்டமும் இல்லை, அரியலூர் மாவட்டமும் இல்லை, எல்லாம் திருச்சி ஜில்லா. முந்தைய நாள் இரவு எழும்பூரில் கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விடியும் முன்பே அரியலூரைத் தாண்டிவிட்டது. அடுத்த ஸ்டேஷன் கல்லகம். நடுவில் மருதையாற்றுப் பாலம். பேய் மழை. ஆற்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் அந்த இருட்டில் ஆற்றுக்குள் போய்விட்டன. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இந்த அரங்கில் இருக்கிற பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1957 தேர்தல் மேடைகளில் இந்த விபத்தை வைத்து ஒலித்த முழக்கத்தையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் ஒரு தாத்தா வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது!

எங்கள் அப்பாயி இந்தக் கதையை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியதாம். கயிறு எடுத்து ஓடியவர்கள், அரிக்கேன் விளக்கோடு ஓடியவர்கள், கயிற்றுக்கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவர்கள். அந்தக் கட்டிலில்தான் அடிபட்டவர்களைப் படுக்க வைத்து மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பெண்கள் சேலையைக் கிழித்துக் கட்டுப்போட்டார்கள். எங்கள் தாத்தா கருப்புச் சட்டைக்காரர். அப்பாயியோ கலியபெருமாளுக்குச் சனிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவர். வீட்டுக்குள் இருவருக்கும் இதில் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அன்று இரண்டு பேரும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். கட்டிலில் படுத்திருந்தவர் பிழைத்தாரா என்று அப்பாயிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

இப்போது டில்லிக்கு வருவோம். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஐதராபாத் பக்கம் மகபூப்நகரில் ஒரு பெரிய ரயில் விபத்து. அப்போதே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்து நடந்ததும் மறுபடி கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். இந்த விபத்துக்கு சாஸ்திரி நேரடிக் காரணம் இல்லை என்பதையும், பொறுப்பில் இருப்பவர் இப்படி நடந்துகொள்வது நாட்டுக்கு ஒரு முன்மாதிரி என்பதையும் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

பெற்றோர்களே, இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி அல்ல. எஞ்சினை ஓட்டியவரும் அல்ல. மழை அவர் கையில் இல்லை. எந்தச் சட்டமும் அவரைப் பதவி விலகச் சொல்லவில்லை. ஆனாலும் மருதையாற்றில் செத்தவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியது. அதை ஏற்ற நேருவோ சடங்கு, சம்பிரதாயம் எதிலும் நம்பிக்கை இல்லாதவர். தாம் இறந்தால் மதச் சடங்கு எதுவும் செய்யக் கூடாது என்று 1954லேயே உயில் எழுதி வைத்தவர். இந்த இருவரில் யார் எந்தச் சாமியைக் கும்பிட்டார், யார் கும்பிடவில்லை என்று எங்கள் ஊரில் யாரும் விசாரித்ததில்லை. 'பொறுப்பேற்றார்' என்று மட்டும்தான் இன்றுவரை சொல்கிறோம். கைதட்டுகிறீர்கள், நன்றி. எழுபது ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் அதற்குக் கைதட்டுகிறோம்.

அந்த அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பையன் கோயிலுக்கு வரவில்லை என்பதால் கெட்டுப்போய்விட்டான் என்று நினைக்காதீர்கள். நல்லவனா என்பதை அவன் நடந்துகொள்வதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நெற்றியை வைத்துப் பார்க்கக் கூடாது.

இது மேல்நாட்டுக்கு வந்த பிறகு நாம் கற்ற புதுப்பாடமும் அல்ல. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அடைக்கல மாதா கோயில் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லா மதத்துக்காரரும் போவோம். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் பணிசெய்த ஊர் அது. திருக்காவலூர் என்று பெயர் வைத்து அந்த ஊருக்குக் கலம்பகமே பாடினார். அவருக்கு நிலம் கொடுத்தது அரியலூர் மழவராயர் என்ற ஜமீன்தார் என்று சொல்வார்கள். வீரமாமுனிவருக்குத் தம் மதமே மெய் என்பதில் கடுகளவும் ஐயம் இருந்ததில்லை. மற்றச் சமயத்தாரோடு வாதிட்டு நூல் எழுதியவர் அவர். ஆனால் அதே மனிதர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். இன்பத்துப்பாலை விட்டுவிட்டார், துறவி அல்லவா! சிரிக்கிறீர்கள். நான் வியப்பது இன்னொன்றை. தம் வேதத்தை ஒரு நாளும் கேள்விப்படாத ஒருவர் எழுதிய நூலை எடுத்து, நல்வாழ்க்கை என்றால் இதுதான் என்று ஐரோப்பியருக்குக் காட்ட, அவ்வளவு உறுதியான ஒரு பாதிரியாருக்கு மனம் வந்திருக்கிறது. கடவுளுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, மீதி 132இல் நீ எப்படி வாழ்கிறாய் என்று கேட்ட நூல் அது.

இவ்வளவும் சொன்னதால், கோயிலே வேண்டாம் என்று இவர் சொல்கிறார் என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கலியபெருமாளைக் கும்பிடுகிறவன். கல்லங்குறிச்சியில் அவர் கோயில் கருவறையில் இருப்பது ஒரு கல்தூண். அந்தத் தூணையே பெருமாளாகக் கும்பிட்டு, பிள்ளைக்கு அவர் பெயரை வைத்து, அறுவடை முடிந்ததும் தானியம் கொண்டுபோய்க் கொட்டுகிறது எங்கள் சனம். விளைச்சல் சுமாராக இருந்த வருஷமும் கொட்டினார்கள். விளைந்ததில் ஒரு பங்கு நம்முடையது இல்லை என்பது வருஷா வருஷம் கைக்குப் பழகியது. நம்பிக்கை இந்தப் பழக்கத்தைத் தந்தது, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதனால் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயில் வேண்டாம் என்றால் சரி, ஆனால் கொடுக்கிற பழக்கத்தை எங்கே கற்றுக்கொள்வீர்கள்? முதியோர் இல்லத்துக்குப் போகிற அந்தப் பையன் இதற்கு ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறான். அவன் அம்மா கண் கலங்க வேண்டாம். அவனோடு ஒரு முறை அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தாத்தாவும் அப்பாயியும் கடவுள் உண்டா இல்லையா என்று அரை நூற்றாண்டு சண்டை போட்டது தமிழில். நாங்கள் பேரப்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டோம். எனக்கு நல்லது கெட்டது தெரிந்ததே அந்தச் சண்டையில்தான். இங்கே பல வீடுகளில் என்ன நடக்கிறது? "கோயிலுக்குக் கிளம்பு" என்பது தமிழில், "வரல" என்பதும் தமிழில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பையன் தன் சந்தேகத்தை எல்லாம் வெளியே நண்பர்களிடம் இங்கிலீஷில் பேசித் தீர்த்துவிடுகிறான். நம்மிடம் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தாலும் அதட்டுகிறோம். அவன் சாமி கும்பிடாததைவிட இந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. நம் மொழியில் நம்மோடு வாதாட முடியாத பிள்ளைக்கு நாம் எதைக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறோம்?

ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போகிற வழியில், காரில் பாட்டுப் போடாமல், மருதையாற்றுக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். நடுவில் வார்த்தை தடுக்கினால் பரவாயில்லை, நிறுத்தி யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் பெண் நிச்சயம் கேட்பாள்: "அப்பா, சாஸ்திரி அந்த ரயிலை ஓட்டலையே, அவர் ஏன் ரிசைன் பண்ணணும்?" பையன் கேட்பான்: "அவருக்குச் சாமி பயமா, ஜனங்க பயமா, வேற ஏதாவதா?" நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நாளை காலை சிற்றுண்டி நேரத்தில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். எனக்கு விமானம் மத்தியானம்தான்.