வேலை போன முதல் வாரம்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாலிபர் கூட்டங்களில் முயற்சியைப் பற்றியும் முன்னேற்றத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது அத்தனை இனிப்பான விஷயமன்று. வேலை போய்விட்டால் முதல் சில நாட்களை எப்படிக் கழிப்பது என்பதே அது.

நம்மவர்க்கு இது புதிய துன்பமல்ல. பாட்டன்மார் காலத்தில் துரை பற்றுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், வேலையோடு லயக் காம்பிராவும் போய்விடும். பெண்டு பிள்ளைகளோடு வேறு தோட்டம் தேடி நடக்க வேண்டியதுதான். இன்று நம் பிள்ளைகள் பலரின் வேலை கொழும்பில், வீடு இங்கே. 2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது கடைகளும் ஹோட்டல்களும் அடைபட்டன. அங்கே நின்ற மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் வேலையிழந்து லயத்துக்கே திரும்பினார்கள். திரும்பி வர ஒரு வீடு இருந்தது என்பது பெரிய பேறு.

அப்படியிருந்தும் சிலர் வரத் தயங்குகிறார்கள். இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையம் நம் பட்டிப்பொல. 6,200 அடிக்கு மேல். வேலை இழந்த பையனுக்கு அந்த மேடையில் வந்து இறங்குவதுதான் பெரிய ஏற்றம். ஏனென்றால், “என்ன தம்பி, லீவா? எப்போது திரும்பிப் போகிறாய்?” என்று கேட்க நாலு பேர் நிற்கிறோம். பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பயந்து பொய் சொன்ன பிள்ளைகள் உண்டு.

இந்த வெட்கம் முதல் நாளிலேயே பணச் சேதமும் உண்டாக்குகிறது. முதலாளி கூப்பிட்டு, “நீயாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு, பேருக்குக் குறைவு வராது” என்கிறார். ‘நீக்கிவிட்டார்கள்’ என்பதைவிட ‘விட்டுவிட்டேன்’ என்பது கௌரவம் என்று எண்ணிப் பையனும் கையெழுத்துப் போட்டு விடுகிறான். அந்தக் கையெழுத்தின் விலை அவனுக்குத் தெரியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய ஒரு வருடத்தில் 180 நாளாவது வேலை செய்தவனை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதானால், அவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். சம்மதத்தைத் தானே எழுதிக் கொடுத்த பிறகு எந்தக் கதவைத் தட்டுவது? ஒழுக்கக் குற்றம் சாட்டி நீக்கினாலும், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆகையால் அன்றைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான்: “வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன், ஐயா.”

கையெழுத்துப் போட்டுவிட்டவனும் எல்லாவற்றையும் இழந்தவனல்லன். அதே அளவான இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரனுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரனுக்கு 14 நாட் சம்பளம். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சேர்ந்த பணத்தையும் கேட்கலாம். சேமலாப நிதி முதுமைக்கென வைத்தது. பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். ஆனால் அங்கத்துவ இலக்கம் இல்லாமல் எதுவும் நடவாது. துணிமணியை மறந்தாலும் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் மறவாமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு கஷ்டம் தொடங்குகிறது. ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே மரியெந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த ஆலை மூடப்பட்டதும் ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையிழந்தது. ஆராய்ச்சியாளர் சிலர் அங்கே தங்கி, கண்டதை 1933இல் நூலாக வெளியிட்டார்கள். நேரம் மிகுந்துவிட்டதே, புத்தகம் நிறைய வாசிப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. வாசிகசாலையில் கட்டணத்தை நீக்கிய பிறகும் புத்தகம் எடுப்பது இரண்டு வருடத்தில் பாதியளவுக்குக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பகலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் மாத்திரம் விரைந்து நடந்தார்கள். வீட்டு வேலை அவர்களை விடவில்லையே!

நம் லயத்தைப் பாருங்கள். அம்மாவும் தங்கச்சியும் விடியற்காலையில் கூடை தூக்கி மலைக்குப் போகிறார்கள். வேலை போன அண்ணன் போர்வைக்குள் கிடக்கிறான். பட்டிப்பொலக் குளிர் அதற்கு நல்ல சாக்கு! இரண்டு நாள் படுக்கட்டும், மனம் உடைந்தவன்தானே. மூன்றாம் நாள் அம்மா எழும்பும் நேரத்துக்கே அவனும் எழும்பித் தண்ணீர் பிடிக்கட்டும், விறகு பிளக்கட்டும், கரட் பாத்தியில் களை பிடுங்கட்டும். சம்பளம் கிடையாதுதான். ஆனால் அவன் பகலுக்கு ஒரு காலையும் மாலையும் திரும்பி வரும்.

கடன் விஷயத்தில் வீட்டாருக்கும் நிதானம் வேண்டும். வந்த வாரத்திலேயே தங்கச்சியின் தோட்டை அடகு வைத்து, வெளிநாட்டு ஏஜண்டிடம் கொடுக்கிறவர்கள் உண்டு. வர வேண்டிய பணம் இவ்வளவு என்று தெரிந்துகொள்ளும்வரை அந்தத் தோடு காதிலேயே இருக்கட்டும்.

அநியாயமாக நீக்கப்பட்டவன் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். 15 பேர் இல்லாத சின்னக் கடையில் வேலை செய்தவனும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். எப்படி எழுதுவது என்று தொழிற் காரியாலயத்தில் கேட்டறியலாம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் உண்டு. தனியே போகக் கூச்சப்படுகிற பிள்ளையோடு இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் ஒருவர் கூடப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதங்களை ஒரு உறையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸிலேயே புறப்பட்டுவிடுங்கள்.