கூட்டமும் அணியும்

(குள்ளஞ்சாவடிக் கிளைச் செயல்வீரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கிளையில் ஐம்பது பேர் இருக்கிறோம், வேலை என்று வந்தால் ஐந்து பேர்தான் வருகிறோம்" என்று எனக்கு முன்னே பேசிய தோழர் மனம் நொந்து குறிப்பிட்டார். அந்த ஏக்கம் இந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. நான் செல்லும் ஊரெல்லாம் கேட்கும் ஏக்கம் அது. ஐம்பது பேரைக் கூட்டுவதற்கு ஓர் ஒலிபெருக்கி போதும். அந்த ஐம்பது பேரை ஓர் அணியாக ஆக்குவதற்கு என்ன வேண்டும்? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மேற்கே நெய்வேலி இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பண்டித நேரு அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது எப்போது தெரியுமா? 1961 ஆகஸ்டில்! நான்கு ஆண்டுகள், தோண்டத் தோண்ட மண். இறைக்க இறைக்க நீர்! அடுத்த ஆண்டு, 1962-இல்தான் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. பலன் தெரியாத அந்த நான்கு ஆண்டுகளில்தான், பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த மக்கள் கூட்டம் ஒரு தொழிற்படையாக மாறியது.

நீர் என்றேனே, அதைச் சற்று விளக்க வேண்டும். நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலே அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் ஓயாமல் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவு பகல் பாராமல் அதனை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் அடித்தளமே பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். மலைபோல் நிற்கும் வாளிச் சக்கர எந்திரத்தைக் காண மக்கள் வருகிறார்கள், வியக்கிறார்கள். பம்பைக் காண வருவோர் யார்? ஆனால் பம்பு நின்றால் அந்த மலையும் நிற்கும்!

நம் கிளையிலே பம்பு யார், தோழர்களே? வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி, விடுபட்ட பெயர் எது, மறைந்தவர் பெயர் எது என்று வீடு வீடாகச் சென்று சரிபார்க்கிறாரே, அவர்! கூட்டம் கலைந்த பிறகு, பந்தல்காரருக்குப் பணம் கொடுத்து ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துகிறாரே, அவர்! மாலை அவர் கழுத்தில் விழுவதில்லை; சுவரொட்டியில் அவர் பெயர் இல்லை. நான் நாடகக்காரன், எனக்கு இது தெரியும். திரை இழுப்பவன் ஒரு நொடி அயர்ந்தால், மேடையில் மாண்டு கிடக்கும் மன்னன் மக்கள் பார்த்திருக்கவே எழுந்து நடக்க வேண்டியதுதான்!

சுரங்கத்திலே இன்னொன்றையும் காணலாம். ஓர் எந்திரம் மண்ணை வெட்டுகிறது. கன்வேயர் பெல்ட் அதனைச் சுமக்கிறது. மற்றோர் எந்திரம் அப்பால் கொண்டுபோய்க் கொட்டிப் பரப்புகிறது. பெல்ட் நின்றால் வெட்டுவதும் நிற்க வேண்டும். ஒருவன் ஓய்ந்தால் அடுத்தவன் அக்கணமே அறிகிறான். நம்மிடம் அப்படியா? ஒரு தோழர் மூன்று மாதம் வரவில்லை. "சோம்பேறி" என்கிறோம். அவர் வராததால் எந்த வேலை நின்றது என்று கேளுங்கள், விடை இராது. எந்த வேலையும் நிற்கவில்லையென்றால், எந்த வேலையையும் நாம் அவரிடம் ஒப்படைக்கவில்லை என்பதுதானே பொருள்? குற்றம் அவருடையதா, நம்முடையதா?

"வேலை கொடுத்தால் சண்டை வருகிறதே" என்பீர்கள். வரட்டும்! புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், சிறு குழுக்களைப் பற்றிய ஏறத்தாழ 50 ஆய்வுக் கட்டுரைகளை அலசி, 1965-இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். எந்தக் குழுவும் முதலில் கூடுகிறது, பிறகு மோதுகிறது, பிறகு தனக்கென ஒரு நெறியை வகுத்துக்கொள்கிறது, அதன் பிறகே வினையாற்றுகிறது என்றார். மோதல் இரண்டாம் படி. அந்தப் படியிலேயே அமர்ந்துவிடுவதுதான் அழிவு. சண்டையை டீக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பேசுங்கள், வாதாடுங்கள், முடிவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகு, எதிர்த்துப் பேசியவரும் அந்த முடிவைத் தம் முடிவாகத் தோளில் சுமக்க வேண்டும்.

மோதியவர்கள் சேர முடியுமா என்று ஐயுறுவோருக்கு 2013 விடை சொல்லும். நெய்வேலி நிறுவனத்தின் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தபோது, கொடி வேறு, கொள்கை வேறு என்றிருந்த தொழிற்சங்கங்கள் ஒன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. முடிவில் அந்தப் பங்குகளைத் தமிழ்நாட்டு அரசின் நிறுவனங்களே வாங்கின. நேற்றுவரை எதிரெதிரே நின்றவர்களை இணைத்தது எது? பங்கைத் தனியாருக்கு விற்காதே என்ற ஒற்றைக் கோரிக்கை! உங்கள் கிளையின் இவ்வாண்டுக் குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியுமா? ஐம்பது பேரும் அதே வாக்கியத்தைச் சொல்வார்களா?

அணி தேறிவிட்டதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அண்டையிலேயே வடலூர். அங்கே 1867-இல் வள்ளலார் தருமச்சாலை கண்டார். பசித்தோர்க்காக அடுப்பு மூட்டினார். 1874-இல் அவர் மறைந்தார். அடுப்பு அணையவில்லை, இன்றும் எரிகிறது. விறகு கொடுத்தவர் உண்டு, அரிசி அளித்தவர் உண்டு, விடியுமுன் எழுந்து உலை வைத்தவர் உண்டு. செயலாளர் ஒரு மாதம் வெளியூர் போனால் நம் கிளையின் அடுப்பு எரியுமா? எரிந்தால் அது அணி. இல்லையேல் ஒரு மனிதரும் அவரைச் சுற்றி நிற்கும் கூட்டமும்தான்!

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, வயலில் நின்ற நெற்பயிர் மீது எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நட்ட பயிர் மடிவதைக் கண்டு பதறினான் உழவன். திறமை மிக்க எந்திரம், தேர்ந்த ஆட்கள், குறித்த பணி, எல்லாம் இருந்தன. வரப்பில் நின்று கதறியவனின் குரலுக்கு மட்டும் அங்கே இடமில்லை! நமக்கும் அந்த ஆபத்து உண்டு. கட்டுக்கோப்பு மிகுந்து, நமக்குள் நாமே பேசி, நமக்குள் நாமே முடிவெடுத்து, மனுவோடு வாசலில் நிற்கும் தாயை "பிறகு வா" என்று அனுப்பிவிட்டோமானால், நாம் அணி ஆகவில்லை. கோட்டை கட்டி உள்ளே ஒளிந்துகொண்டோம் என்றுதான் நாடு சொல்லும்.

ஆகவே தோழர்களே, இன்றிரவே தொடங்குங்கள். ஐம்பது பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு வேலை, ஒரு தேதி, அதனைப் பெற்றுக்கொள்ளும் அடுத்த தோழரின் பெயர் எழுதுங்கள். அடுத்த மாதம் கூடி, நடந்ததையும் நடவாததையும் கணக்குப் பாருங்கள். உடனே பலன் தெரியாது. நெய்வேலி நான்கு ஆண்டுகள் மண்ணையும் நீரையும் மட்டுமே கண்டது, கலைந்து போகவில்லை. நாமும் தோண்டுவோம்!